சிதறாத ஓட்டு

இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. தேர்தல் வந்தால் வீட்டு முன் புல்தரையில் ஆளாளுக்குத் தன் கட்சிப் பலகையை நட்டுவைக்கிறார்கள். ஒரு வீட்டில் ஆளுங்கட்சி, ஒட்டிய வீட்டில் எதிர்க்கட்சி. இரண்டு வீட்டுக்கும் புல்வெட்டும் இயந்திரம் ஒன்றுதான். எங்கள் தென்காசிப் பக்கம் இப்படி நட்டால் பலகை மட்டுமா உடையும்?

வீரகேரளம்புதூரில் எங்கள் தெருவே கூடிப் பேசி, மொத்த ஓட்டையும் ஒரே ஆளுக்குப் போடும். "ஒரு ஓட்டு செதறல, பாத்தியளா?" என்று அண்ணாச்சிமார் மார்தட்டுவார்கள். அந்தப் பெருமையை நான் கனடாவுக்கும் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே எனக்கு ஓட்டில்லை. முதியோர் இல்லத்தில் வேலை. அது இருக்கும்வரைதான் விசா, அதை நம்பித்தான் குடும்பத்தை அழைப்பதும். ஜெயித்தால் எங்கள் இல்லத்தை மூடுவோம் என்றது எதிர்க்கட்சி. விடுவேனா? லீவு நாளெல்லாம் எங்கள் நகரத்துத் தமிழர் வீடுகளில் ஏறி இறங்கினேன். ஒன்றுகூடச் சிதறக் கூடாது என்று கெஞ்சினேன். அவர்களும் அப்படியே ஆளுங்கட்சிக்குப் போட்டார்கள்.

ஓட்டு எண்ணிய மாலை, மாகாணம் முழுக்க ஆளுங்கட்சிக்கே அதிக ஓட்டு என்று டிவியில் காட்டினார்கள். ஊரில் அப்போது காலை. குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரை அழைத்தேன். சாரல் சீசனுக்கு முன்னால் கடையை விட்டுத்தரச் சொல்லிப் புளியறைக்காரர் ஒருவர் நெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சாச்சுங்க! கடையக் குடுத்துருங்க. பிள்ளைக்கு டிசி வாங்கிருங்க."

"நெசமாத்தான் சொல்லுதியாட்டி?"

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

மறுநாள் வேலைக்கு லட்டு கொண்டுபோனேன். உடன் வேலை செய்யும் லிண்டா, "பிறந்தநாளா?" என்றாள். ஜெயித்ததற்கு என்றேன். கடித்த லட்டோடு அப்படியே நின்றாள்.

"ஜெயித்தது அவர்கள்."

ஓட்டு நமக்குத்தானே அதிகம் என்று சண்டைக்குப் போனேன்.

"ஆமாம். தொகுதி அவர்களுக்கு அதிகம். நம் ஓட்டெல்லாம் இந்த நகரத்திலேயே குவிந்துவிட்டது."

நம்மூரிலும் தொகுதிக் கணக்குதானே, தெரியாதவளா நான்? ஆசை கண்ணை மறைத்துவிட்டது. எப்படியும் ஜெயிக்கிற தொகுதியில் போய் வீடு வீடாக ஏறியிருக்கிறேன், பாவி! சொற்ப ஓட்டில் தோற்ற பக்கத்துத் தொகுதியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

உடனே ஊருக்கு அழைத்தேன். "சாவியக் குடுத்தாச்சேட்டி. இனி கேட்டா குடுப்பானா?" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இல்லத்தை மூடும் கடிதம் நேற்று வந்தது. பள்ளிக்கூடத்தில் மகளின் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களாம். இன்று வீடியோவில் வந்தாள். பின்னால் சாரல் அடிக்கிறது. எங்கள் கடையாக இருந்த கடையின் எதிரில், இந்த ஊர்ப் பனிக்கென்று நான் அனுப்பிய தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு வேர்த்துப்போய் நிற்கிறாள். கையில் டிசி.

"அம்மா, இப்ப நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவணும்?"