பின்சீட்டுக்காரி தீவுக்குப் போனது

என் வீட்டுக்காரர் ஜவ்வாது மலையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். அவர் வண்டியில் ஒரே சட்டம்தான். வாந்தி எடுக்கிறவர்கள் பின்னால் கடைசியில், கதவோரம் உட்கார வேண்டும். ஏறும்போதே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். "இன்னாம்மா, கவர் வச்சிக்கினியா? அப்ப பின்னாடி போ" என்பார்.

அந்தக் கதவோரத்தில் அதிக நாள் உட்கார்ந்தவள் நான்தான். நான் கலசப்பாக்கத்துப் பக்கம், சமதரையில் பிறந்தவள். கல்யாணமாகி முதல்முறை மலையேறியபோது மூன்றாவது வளைவிலேயே பட்டுப்புடவையோடு தலையை வெளியே நீட்டினேன். வண்டி முழுக்க அவர் சொந்தக்காரர்கள். "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அதோடு சரி, இருபத்திரண்டு வருஷமாக டிரைவர் பொண்டாட்டிக்கு முன்சீட்டு கிடையாது. அதற்குப் பயந்தே அம்மா வீட்டுக்குப் போவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். சண்டை போட்டும் பார்த்தாயிற்று. அதே பதில்தான், மனசு.

சென்னையில் வேலைக்குப் போகிற எங்கள் மகள் போன வருஷம் எங்கள் இருவரையும் அந்தமானுக்குக் கூட்டிப்போனாள். அதுவரை நான் கடலை போனில்தான் பார்த்திருக்கிறேன். விமானத்தில் இவர் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது பிரேக் போட்ட விதம் சரியில்லை என்று குறை வேறு.

போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். ஏறுவதற்கு முன்பு மகள் ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தாள். நான் விழுங்கினேன். "டிரைவருக்கே மாத்திரையா?" என்று இவர் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் மடியில் ஒரு கவரை வைத்தார், கிண்டலாக.

அரை மணி நேரம் தாங்கினார். பிறகு அந்தக் கவர் அவருக்கே தேவைப்பட்டது. அது போதாமல் கப்பல்காரர்கள் இன்னும் இரண்டு தந்தார்கள். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தீவு அழகென்றால் அப்படி ஒரு அழகு. மாவு மாதிரி மணல். நானும் மகளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினோம். இவர் மட்டும் கரைப்பக்கமே வரவில்லை. நம் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் அங்கே டீக்கடை வைத்திருந்தார். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, "திரும்பிப் போவ ரோடு எதுனா இருக்கா?" என்று விசாரித்திருக்கிறார். "அண்ணே, இது தீவுண்ணே" என்றாராம் கடைக்காரர். நம்பாமல் ஆட்டோக்காரர்களிடமும் கேட்டார்.

திரும்பும் நாள் காலையில் இவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"நீங்க போங்க. நான் இங்கயே எதுனா வண்டி ஓட்டிப் பொழச்சிக்கிறேன்."

மகள் கெஞ்சினாள். கப்பலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இன்னாங்க, ஒரு தபாவுக்கே இப்டியா? எங்கம்மா வூட்டுக்குப் போவ வேற ரோடு இருக்கான்னு நானுந்தான் இருபத்திரண்டு வருஷமா தேடுறேன். இல்லன்னு தெரிஞ்சும் உங்க வண்டியில ஏறுனனா இல்லியா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"உனக்கு ஒவ்வொரு தபாவும் இப்டித்தான் இருந்துச்சா?"

"இதைவிட மோசம். உங்களுக்குச் சாஞ்சிக்க சீட்டு இருந்துச்சு."

எழுந்து சட்டையை மாட்டினார். மகளிடம் கையை நீட்டி மாத்திரை கேட்டார். கப்பலில் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். தூரத்தில் கோடு போட்ட மாதிரி தெரிகிற இடத்தையே பார்க்கச் சொன்னேன், பேசாமல் வரச் சொன்னேன், எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்துகொள்ளச் சொன்னேன். இத்தனை வித்தையும் அவருடைய ஜீப்பில் நான் கற்றதுதான். போர்ட் பிளேர் வரும்வரை என் கையை விடவில்லை. ஒரே ஒரு கவர்தான் செலவானது.

மகளைச் சென்னையில் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம். அடிவாரத்தில் தெரிந்தவர் வீட்டில் நிறுத்தியிருந்த ஜீப்பை எடுத்தார். மலைக்குப் போக ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். வழக்கமாக முன்சீட்டில் வருகிற வாத்தியார் கதவைத் திறந்தார்.

"சார், நீங்க பின்னாடி உக்காருங்க. முன்னாடிக்கு ஆள் இருக்கு."

நான் அரைமனதோடு ஏறினேன். வண்டியை அவர் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னாலிருந்து ஒருவர், "இன்னா, டீசல் இல்லியா?" என்று கேட்டே விட்டார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஐந்தாவது வளைவில் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "யாருய்யா சிரிக்கிறது?" என்று திரும்பி ஒரு சத்தம் போட்டார். பிறகு இறங்கி என் பக்கம் சுற்றி வந்து, கவரை இரண்டு கையாலும் அவரே பிடித்துக்கொண்டு நின்றார்.