ரீடைக் கழற்றிய முனை

ஜாஸ் கச்சேரி விமர்சனம் எழுதியே நரைத்தவள் நான். நேற்று சென்னை மேடையில் ஒரு சாக்ஸபோன்காரர், வாசிக்கும் முன், ஊதுமுனையில் பொருத்தும் நாணல் சீவலான ரீடை நாக்கில் வைத்து ஊறப்போட்டார். முன்வரிசையில் இருந்த எனக்கு அவித்த நெல் மணத்தது.

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டெதிரே, மிராசுதாரின் ரைஸ்மில் களத்தில்தான் கல்யாண பேண்டு செட் ஒத்திகை பார்க்கும். நெல் ஆவி பறக்க, மில் பெல்ட்டின் தடக் தடக்கோடு டிரம்மைச் சேர்த்துக்கொண்டு, கிளாரினெட் மாசிலாமணி ரீடை நாக்கில் நனைத்து, கன்னம் உப்ப, சினிமாப் பாட்டை இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டே போவார். பாட்டு எப்படிப் பழைய மெட்டுக்கு வீடு திரும்பப்போகிறது என்று கேட்கிற எங்களுக்கு மூச்சு முட்டும்.

கூலிச் சண்டையில் வயலாள் ஒருவர் வெட்டுப்பட்டுச் செத்த மறுநாள், மிராசுதார் வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு. சாவு வீட்டைக் கடக்கும்போது பேண்டை நிறுத்துவது ஊர் வழக்கம். செத்தவரின் குடிசைத் தெரு முனையில் மாசிலாமணி நிறுத்தினார்.

"அது நம்ம தெருச் சாவு இல்லய்யா, வாசி" என்றார் மிராசுதார்.

"சாவுதானுங்களே" என்ற மாசிலாமணி, ரீடைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ரீடு இல்லாத கிளாரினெட் வெறும் கட்டை. மாப்பிள்ளையின் கார் அழுகைச் சத்தத்தினூடேதான் அந்த முனையைக் கடந்தது. அப்புறம் அந்தக் களத்தில் பேண்டு கேட்கவில்லை. இப்போது களமும் இல்லை.

நேற்றைய சாக்ஸபோன்காரர் பிரமாதமாகத்தான் ஊதினார். எங்கே நிறுத்துவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. விமர்சனத்தில் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.