சத்தம் வராத அழுகை

அக்கா என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவளுடைய தெர்மாகோல் ஐஸ் பெட்டிதான். பொத்தேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருவரும் ஒன்றாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். வயதில் மூத்தவள் என்பதால் எனக்கு அக்கா. எதையும் ஐஸில் வைத்தால் கெடாது என்பது அவள் நம்பிக்கை. எலியின் நுரையீரலை மெல்லிய வில்லைகளாக அறுத்து அதையும் ஐஸிலேயே வைத்தாள். கோலின் என்ற சத்தை அது எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கிற சத்துதான். நுரையீரல் அதை இரத்தத்திலிருந்து எடுத்து, ஒருவகைக் கொழுப்பாக்கி, காற்றறைகளின் உட்புறம் பூசிக்கொள்கிறது. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் மூச்சை விட்டதும் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அக்காவின் வில்லைகளோ வாரக்கணக்கில் முயன்றும் கோலினைத் தொடவில்லை. "குளிர்ல நாமளே போர்வையை விட்டு வர மாட்டோம், அது மட்டும் சாப்பிட வருமாக்கா?" என்று கேலி செய்தேன். உடல் சூட்டில் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்த பிறகுதான் உறிஞ்ச ஆரம்பித்தன.

பிறகு அக்கா உண்டானாள். ஏழாம் மாதம் தொடங்கியதுமே, தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகிவிட்டது. வளைகாப்புக்கு வாங்கிய வளையல்கள் பிரிக்காமலே கிடந்தன. பையனின் நுரையீரலில் அந்தப் பூச்சு போதவில்லை. அவனைக் கண்ணாடிப் பெட்டியில் சூட்டில் வைத்து, தொண்டைக்குள் குழாய் விட்டு, அதன் வழியாகப் பூச்சு மருந்தைச் செலுத்தி, இயந்திரத்தில் மூச்சு விட வைத்தார்கள். "மருந்து கொஞ்ச நேரம்தான்டி தாங்கும். அப்புறம் அவனே செஞ்சுக்கணும்," என்றாள். மற்ற அம்மாக்கள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் எந்தப் படியில் என்ன தவறலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். படித்ததே அவளை வாட்டியது. பார்க்கவே பாவமாக இருந்தது. ஒருநாள் மட்டும், "அவன் பெட்டி கதகதன்னு இருக்குடி," என்று கொஞ்சம் சிரித்தாள்.

குழந்தை இருந்த அறைக்குள் அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. வெளியே வரும்போதெல்லாம் ஒன்றையே சொல்வாள்: "அழறான்டி. வாயைத் திறக்கறான், முகம் செவக்குது. சத்தம்தான் வரல." குழாய் குரல்வளைக்குள் போவதால் அப்படி. காரணம் இருவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

குழாயை எடுத்த காலையில் நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். பூனைக்குட்டி கத்துவதுபோல ஏதோ கேட்டது. அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சுக்கா," என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். நானும்தான்.

இப்போது அவன் மூன்றாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். காது கிழியக் கத்திக்கொண்டு ஓடினான். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, "கொஞ்சம் சொல்லி வைங்கம்மா," என்று கேட்டுக்கொண்டார். "சாரி சார்," என்றாள் அக்கா. அவர் இறங்கிப் போனதும் எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு வந்து, "நீ கத்துடா," என்றாள்.