ஞானத்தகப்பனுக்கு மட்டும் விலக்கு

இப்போது இந்த வேலைக்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நிவாரணத் திட்டங்களுக்குப் பாதுகாப்பு ஆலோசகர் என்கிறார்கள். குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, முன்னால் தண்ணீர் வைத்து, நான் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார்கள். நான் இதில் இறங்கிய எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பங்குக்கோயிலில் எனக்கிருந்த பெயர், 'எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்ற பொம்பளை'. உண்மையைச் சொன்னால், பழைய பெயர்தான் எனக்குப் பொருத்தம்.

அப்போது ஓர் அரசாங்க மருத்துவமனையின் நலப்பிரிவில் வேலை பார்த்தேன். நர்ஸ் இல்லை, ஆனாலும் சிராங்கூன் ரோட்டில் எல்லாரும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கை உடைந்து வரும் பிள்ளைகளோடு 'படியில விழுந்துட்டான்' என்ற கதையும் கூடவே வரும். அந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, எதையும் லேசில் நம்பாத புத்தி எனக்கு ஒட்டிக்கொண்டது.

வியட்நாமிலிருந்து படகில் தப்பி, கடலில் கப்பல்கள் காப்பாற்றிக் கொண்டுவந்து விட்ட அகதிகளுக்கு எங்கள் தீவின் வடக்கே ஒரு முகாம் இருந்தது. வேறு நாடு ஏற்றுக்கொள்ளும்வரை அங்கே இருப்பார்கள். அப்பா அம்மா இல்லாமல் வந்த பிள்ளைகளும் உண்டு. எங்கள் பங்கின் நிவாரணக் கமிட்டி அவர்களுக்கு அரிசியும் துணிமணியும் கொண்டுபோனது. பிள்ளைகள் விஷயத்தில் ஆலோசனை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். பால் பவுடர், பூச்சி மருந்து என்று ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள் பாவம். நான் கேட்ட முதல் கேள்வி, "ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களை யார் வெளியே கூட்டிட்டுப் போறாங்க?" என்பது.

கேட்கக் காரணம் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் கத்தோலிக்கர். எங்கள் கோயிலிலேயே அவர்களுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கள் பங்கில் ஒரு தம்பதி ஞானப்பெற்றோராக நின்றார்கள். பூசை முடிந்ததும் அவரவர் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போய், கோழிக்கறி போட்டு, டிவி பார்க்கவைத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள். நல்ல மனசோடு செய்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். ஞானத்தகப்பன் என்றால் பெற்ற அப்பனுக்கு அடுத்த இடம். அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

நான் சொன்ன விதிகள் எளியவை. ஒற்றைப் பிள்ளையை ஒற்றை ஆளோடு அனுப்பக்கூடாது. கிளம்பும் முன் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, போக விருப்பமா என்று அதன் மொழியில் கேட்க வேண்டும். கமிட்டி முகம் சுளித்தாலும் ஏற்றுக்கொண்டது. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, "ஞானப்பெற்றோருக்கு இது வேணாம் லா. அப்பாகிட்டயே அனுமதிச் சீட்டு கேக்கிறதா?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் கத்தினேன். விலக்கு நிறைவேறியது. அதற்குப் பிறகு அந்த விதி யாருக்குத்தான் பொருந்தும்? கூட்டிப்போகிறவர்கள் அத்தனை பேரும் ஞானப்பெற்றோர்தானே!

அந்தக் கமிட்டிக்குக் கையும் காலுமாக இருந்தவர் தேக்காவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர். முகாமுக்குப் போகும் அரிசி அவருடையது, வேன் அவருடையது. சிரித்த முகம். அவரும் மனைவியும் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணுக்கு ஞானப்பெற்றோர். ஊரில் கட்டிக்கொடுத்த அவர்களுடைய ஒரே மகள் அப்போது தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். தாய்வீட்டுக்கு வரமாட்டேன் என்று அவள் ஒரே பிடிவாதம். அதனால் அம்மாவே புறப்பட்டுப் போனார். 'படிச்ச பிள்ளைங்க இப்படித்தான்' என்று கோயில் வாசலில் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

மனைவி போன பிறகும் அவருடைய வேன் ஞாயிறுதோறும் முகாமுக்கு வந்தது. பிடோக்கில் இருந்த அவர் வீட்டுக்கு அந்தப் பெண் மட்டும் போய் வந்தாள். மருத்துவமனையில் முறைவேலை இருந்ததால் எனக்கு இது தெரியாது. முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்த வியட்நாமியப் பெண்மணி, தன் நாட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தாலே அந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி வருகிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வாரம் வேலையை மாற்றிக்கொண்டு முகாம் வாசலில் போய் நின்றேன்.

வேன் வந்தது. பெண் அறையிலிருந்து இறங்கி வந்தாள். கோயிலில் கொடுத்த வெள்ளைச் சட்டை. அதன் முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை, பித்தான்களுக்கு நடுவே நெருக்கமாக ஊக்கு குத்தியிருந்தாள்.

கூட்டமான பஸ்ஸில் ஏறுகிற எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் ஊக்கு எதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். என் கைப்பையிலும் ஒன்று எப்போதும் இருக்கும். அவள் மொழியில் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அன்றைக்கு அது தேவைப்படவும் இல்லை.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"என்ன மிஸ்ஸி, எனக்கே ரூல்ஸா? நான் ஞானத்தகப்பன் லா." சிரித்துக்கொண்டே சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் அவளைத் தள்ளி அழைத்துப்போய்க் கேட்டார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போகிறேன் என்கிறாள்" என்றார்.

என் விதியாலேயே என் வாயை அடைத்துவிட்டாள். பிள்ளையைக் கேள் என்றவள் நான். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று. அவர் வேன் கதவைத் திறந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "அவர் கோபித்துக்கொண்டால் எல்லாருக்கும் அரிசி நின்றுவிடும் என்று பயப்படுகிறாள்."

"அப்படின்னா நானும் வர்றேன் அண்ணே. உங்க வீட்டுக் கோழிக்கறி சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு!" என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். மூன்று பேர் உட்காரும் முன் இருக்கை. அவள் எப்போதும் நடுவில் உட்காருவாள் போல, பழக்கத்தில் நகர்ந்தாள். நான் அவளை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு சிவப்பு விளக்கில் வேன் நின்றபோது அவர் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு இல்லை.

"என்னைச் சந்தேகப்படுறீங்களா மிஸ்ஸி?"

இல்லை என்று சொல்லிவிடலாம். இருபது வருடம் ஒரே பங்கு. என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்.

"ஆமாண்ணே."

பச்சை விழுந்தது. வேன் பிடோக் பக்கம் திரும்பவில்லை. நேராகச் சிராங்கூன் ரோட்டுக்கு வந்தது. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்தி, "சாப்பிட்டு பஸ்ல போங்க" என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவள் இலையில் வைத்த சோற்றை ஒரு கையால் சாப்பிட்டாள். மறுகை கழுத்துப் பட்டியை விடவே இல்லை. திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அந்த வாரமே முகாமுக்கு அரிசி கொண்டுபோகும் வேன் நின்றது. கமிட்டி என்னைக் கூப்பிட்டது. பங்குச்சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"ஊக்கு குத்தியிருந்தா ஃபாதர்."

ஆண்கள் சிரித்துவிட்டார்கள். கமிட்டியில் இருந்த இரண்டு பெண்கள் சிரிக்கவில்லை. குனிந்து சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்கவும் இல்லை. அந்தச் சிரிப்பைவிட அந்த மௌனம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. போலீஸுக்குப் போகலாம் என்றால், பெண் வாய் திறக்க மறுத்தாள். ஏதாவது சொன்னால் எந்த நாடும் தன்னை எடுக்காது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

முடிவு இதுதான்: நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவரை முகாம் பக்கம் வரக்கூடாது. வரும் ஞாயிறு வேன் மறுபடி போகும். அவருக்குத்தான் விலக்கு இருக்கிறதே. மொழிபெயர்ப்பாளருக்குப் போன் பண்ணி, வாசலில் படுத்தாவது வேனை மறியுங்கள் என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் குவீன்ஸ்டவுனில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவருடைய மனைவி நின்றார். முந்தின நாள்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்தார். பேரன் பிறந்த முகமாக இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் தயாராகிவிட்டேன்.

"உள்ள வாங்கக்கா. மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்காங்க. நான் கேக்கிறதா இல்ல."

அவர் உட்காரவில்லை. "அந்தப் புள்ள ஊக்கு குத்தியிருந்துச்சுன்னு கமிட்டில சொன்னீங்களாமே. எங்க குத்தியிருந்துச்சு?"

நான் என் சட்டைமேல் விரலை வைத்து, கழுத்திலிருந்து இடுப்புவரை காட்டினேன்.

என் விரல் போன வழியையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பொண்ணும் குத்துவா மிஸ்ஸி. வீட்டுக்குள்ளேயே குத்துவா. ஏதோ ஸ்டைலுன்னு நெனச்சேன். பித்தான் தச்சுக் குடுத்தேன், பித்தான்."

பிடித்து உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், கையில் வாங்கினார், குடிக்கவில்லை. மகள் ஏன் தாய்வீட்டுக்கு வரவில்லை என்று நாங்கள் கோயில் வாசலில் சிரித்த சிரிப்பு என் காதில் கேட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்குக் காலையில நான் அந்த வாசல்ல நிக்கிறேன். எந்த வேன் உள்ள போகுதுன்னு பாக்கிறேன். நீங்க அந்த விதியைத் திருத்தி எழுதுங்க மிஸ்ஸி. ஞானத்தகப்பனுக்கும் உண்டுன்னு எழுதுங்க."

படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

"பெத்த அப்பனுக்கும்னு எழுதுங்க."