கோட்டுக்கு அந்தப் பக்கம்

வெந்நீர்க் குழாயை ஒரு நூல் அளவு திருப்பிவிட்டு, பெர்மெட் அக்கா கையை எடுத்துக்கொள்கிறார். தண்ணீர் இன்னும் பனிக்கட்டி போலத்தான் விழுகிறது. அவர் மறுபடி குழாயைத் தொடுவதில்லை. விரல் நுனியைத் தாரையில் வைத்தபடி நிற்கிறார். பின்னால் ஏழெட்டுப் பேர், எண்ணெய்க் கையோடும், கேன்டீனில் ஆட்டு சூப் ஆறிப்போகிற கவலையோடும்.

"அக்கா, கை கழுவுறீங்களா, இல்ல தண்ணிக்குப் பொண்ணு பாக்குறீங்களா?"

"கொதிகலன் ரெண்டு மாடி கீழ இருக்கு. நான் திருப்பினது இங்க வந்து சேர எட்டு விநாடி ஆகும். அதுக்குள்ள இன்னொரு திருப்புத் திருப்பினா, ரெண்டும் சேர்ந்து வந்து கையைப் பொசுக்கும். அவசரப்படுறவன் கைதான் வெந்திருக்கும், பாரு."

எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். அவருக்கு நிஜமாகவே பயம்.

இந்த மலை ஆற்றின் அணைக்கு அடியில், எங்கள் நீர்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பொறியாளர் அவர். ஐம்பத்து நான்கு வயது. மெலிந்த உருவம், காதை மூடிய கம்பளித் தலைத்துணி. கட்டுப்பாட்டு அறையில் பதினைந்து ஆண்டுகளாகத் தொலைபேசி எடுப்பவன் நான். அவரைப்போல் பயப்படுகிற இன்னொருவரை நான் கண்டதில்லை. லிஃப்டில் ஏறமாட்டார். அவருடைய பையில் எப்போதும் ஒரு ரொட்டியும் இரண்டு ஜோடி காலுறையும் இருக்கும். யாராவது 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லிவிட்டால், சொன்னது பலிக்காமல் போய்விடக்கூடாதே என்று உடனே மேசையின் அடிப்பலகையை மூன்று முறை தட்டுவார். இளவட்டங்கள் அவருக்கு 'நடுக்கம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவருடைய வேலை, டர்பைனின் வேகத்தைக் காக்கும் கருவியைக் கணக்கால் காப்பது. ஊரில் விளக்குகள் கூடினால் டர்பைன் சற்றுத் தளரும். கருவி அதைப் பார்த்துத் தண்ணீர்க் கதவைத் திறக்கும். வேகம் கூடினால் மூடும். பார்ப்பதும் திருத்துவதும், திருத்தியதை மறுபடி பார்ப்பதும்தான் விஷயம். ஆனால் மலைக்குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் சொன்னதும் ஓடி வராது. கதவைத் திறந்த முதல் நொடியில் சக்தி கூடுவதற்குப் பதில் குறையும், பிறகுதான் ஏறும். "இந்தத் தண்ணி முதல்ல பொய் சொல்லும் தம்பி, அப்புறந்தான் நிஜம்" என்பார்.

ஒருநாள், காகிதம் முழுக்க அவர் எழுதும் 'எஸ்' என்ற எழுத்து என்னவென்று கேட்டேன்.

"காலத்தோட மல்லுக்கட்ட முடியாது, தம்பி. எதுவும் மாறிக்கிட்டே இருக்கும். லாப்லாஸ் மாற்றம்னு ஒரு வழி இருக்கு. அதுல போனா, மாறுற வேகமெல்லாம் அந்த எஸ்ஸால பெருக்குறதா ஆயிடும். சின்னப் பிள்ளை கணக்கு. அந்தச் சமன்பாட்டோட மூலங்களைக் கண்டுபிடிச்சு இப்படிக் குறி வெச்சுட்டா, என்ன நடக்கப்போகுதுன்னு இங்கயே தெரிஞ்சிடும்."

கட்டம் போட்ட தாளின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. அதன் இடது பக்கம் சிவப்புப் பென்சிலால் நான்கு பெருக்கல் குறிகள்.

"எல்லாம் இடது பக்கம் இருந்தா, எந்த ஆட்டமும் தானா அடங்கும். ஒண்ணு வலது பக்கம் தாண்டினாலும், ஆட்டம் வளர்ந்துகிட்டே போகும். நிக்காது."

இலையுதிர் காலத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து புதிய வேகக் கருவி பொருத்திப் போனார்கள். படு சுறுசுறுப்பு, கண்ணிமைக்குமுன் கதவு அசையும். பெர்மெட் அக்கா இரண்டு வாரம் கணக்குப் போட்டார். நாட்டின் மற்ற நிலையங்களோடு கைகோத்து நிற்கும்வரை பழுதில்லை. இணைப்புக் கம்பி அறுந்து, எங்கள் பள்ளத்தாக்கை நாங்களே தனியாகத் தாங்க நேர்ந்தால், இரண்டு குறிகள் கோட்டைத் தாண்டிவிடுகின்றன.

தலைநகரிலிருந்து எங்கள் நிலையத்துக்கு மாற்றலாகி வந்த தலைமைப் பொறியாளர் சூயுன்பெக், நாற்பது வயதுக்காரர், தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு அரிசி அளவுதானே அக்கா தாண்டியிருக்கு?"

"அரிசி அளவுதான். ஆனா கோட்டுக்கு அந்தப் பக்கம்."

"கம்பி அறுந்து முப்பது வருசம் ஆச்சு. ஒண்ணும் ஆகாது."

அக்கா மேசையைத் தட்டினார்.

பிப்ரவரியில் ஒரு நண்பகல். வெளியே உறைநிலைக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. ஆற்றில் தண்ணீர் குறைவு. மூன்று இயந்திரங்களில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கணவாயில் பனிச்சரிவு இறங்கி இணைப்புக் கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

டர்பைனின் வேகத்தைக் காட்டும், ஐம்பதில் நிற்கவேண்டிய அலைவெண் முள் ஐம்பது புள்ளி ஆறுக்கு ஏறியது. நாற்பத்தொன்பது புள்ளி நான்குக்கு இறங்கியது. அடுத்து ஐம்பது புள்ளி ஏழு. "அடங்கிடும்" என்றார் சூயுன்பெக். அடங்கவில்லை. காலடியில் தரை மெல்ல ஏறி இறங்குவதுபோல் இருந்தது. சுவருக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் உறுமி, ஓய்ந்து, மறுபடி உறுமியது. தொலைபேசி மணி அடித்தது. ஊர் மகப்பேறு மருத்துவமனையின் தாதி.

"லைட்டு மூச்சு வாங்குதுங்க! கண்ணாடிப் பெட்டியில மூணு குழந்தைங்க இருக்கு. என்னங்க நடக்குது அங்க?"

"லைன்லயே இருங்க" என்று மட்டும் சொன்னேன். நாற்பத்தேழைத் தொட்டால் இயந்திரம் தானே நின்றுவிடும். அப்புறம் ஊர் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் இரண்டு மணி நேரத்தில் உறைந்து வெடிக்கும்.

மூன்றாம் நிமிடம் முள் நாற்பத்தேழு புள்ளி எட்டுக்கு வந்தது. சூயுன்பெக் கைக்கட்டுப்பாட்டுக்கு மாற்றி, கதவைத் திறக்கும் பொத்தானை அமுக்கினார். முள் இன்னும் கீழே போனது. நாற்பத்தேழு புள்ளி மூன்று. அவர் விரல் இன்னும் அழுந்தியது.

"கையை எடுங்க!"

பெர்மெட் அக்கா கத்தி நான் கேட்டதில்லை. வாசலில் நின்றிருந்தார், முகத்தில் ரத்தமே இல்லை.

"தெறந்தா முதல்ல குறையும்! எடுங்க தம்பி, திரும்பத் தானியங்கிக்கு விடுங்க. கருவியோட அளவை மாத்துற சாவியைக் குடுங்க."

"மாத்தினா மெதுவாயிடும் அக்கா. இப்போ போய் மெதுவாவா..."

"மெதுவாத்தான்! அது துரத்தித் துரத்தித்தான் ஆட்டத்தை வளர்க்குது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. குடுங்க."

சூயுன்பெக் தானியங்கிக்கு மாற்றினார். முள் மேலேறி ஐம்பத்திரண்டு புள்ளி ஏழில் நின்று திரும்பும்வரை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினார்.

அக்காவின் கை சாவித் துளையைச் சுற்றிச் சுற்றி மோதியது. "தம்பி, என் மணிக்கட்டைப் பிடி." பிடித்தேன். தினமும் அந்தப் பையைத் தூக்குகிற கைதானா இது என்று நினைக்கும்படி மெலிந்து, ஜில்லென்று இருந்தது. சாவி இறங்கியது. திரையில், கருவி எவ்வளவு வேகமாகத் துரத்தவேண்டும் என்று சொல்லும் இரண்டு எண்கள். முதலாவதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார். இரண்டாவதைத் தட்டும்போது இலக்கம் தவறியது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். முள் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டு. நாற்பத்தேழரை.

நாற்பத்தேழு புள்ளி இரண்டில் முள் நின்றது. ஏறியது. ஐம்பத்தொன்று புள்ளி எட்டு. இறங்கியது. நாற்பத்தெட்டரை. அடுத்து ஐம்பத்தொன்றைக்கூடத் தொடவில்லை. சுவருக்குப் பின்னால் உறுமல் தணிந்தது. தொலைபேசியில் தாதி, "இப்போ பரவாயில்லைங்க, நேரா எரியுது" என்றாள்.

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். இன்னொருவர் சேர்ந்தார். சூயுன்பெக்கும் தட்டினார், கண் கலங்கி.

பெர்மெட் அக்கா திரும்பவில்லை. முள்ளைப் பார்த்தபடியே ஒரு கையைப் பின்பக்கமாக நீட்டி, உள்ளங்கையை விரித்து, எங்களைச் சும்மா இருக்கச் சொன்னார்.