அம்சவள்ளியின் வேலைநீக்கக் கடிதம்

திண்டிவனத்தில் ஒரு விதைச் சங்கத்தில் நான் தபால் குமாஸ்தா. 1987-இல் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மேலாளர் அரங்கநாதன் அதற்காக மெட்ராசில் பத்து நாள் பயிற்சி எடுத்தவர். ஆனாலும் கிட்டே போகப் பயம். அதைக் கட்டி மேய்த்தது டைப்பிஸ்ட் அம்சவள்ளிதான். கூட்டேரிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை வெட்டுகிறவர்கள். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்படியிருந்தும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதை வாங்க வருகிறவர்களுக்குச் சீட்டு அச்சடிக்கும் புரோகிராமைத் தானே கற்றுத் தானே எழுதினாள்.

விஜயதசமி அன்று மேலாளர் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். அன்றைக்குப் புதிதாக ஏதாவது தொடங்க வேண்டுமே. நல்ல நேரம் பார்த்து, மெஷினுக்குள் லட்சுமி என்ற பெயரில் ஒரு டைரக்டரி திறந்தார். ஃபைல்களை வைக்கும் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷினைப் போட்டால் இனி அந்த அறையில்தான் போய் நிற்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். இதை அம்சவள்ளியிடம் சொல்லவே இல்லை.

மறுநாள் வாசலில் அறுபது விவசாயிகள். அவள் புரோகிராமின் பெயரை அடித்தாள். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது திரை. மறுபடி அடித்தாள். அதே பதில்.

"அழிச்சிட்ட இல்ல?" என்று கத்தினார் மேலாளர். "களை வெட்டறவங்க வூட்டுப் பொண்ணுகிட்ட மெஷினக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"நான் எதையும் அழிக்கல சார். எங்க கீதுன்னு பாக்க வுடுங்க."

"மெஷினத் தொடாத."

இத்தனை பேர் இருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அடுத்து அவர் செய்ததுதான் அநியாயத்திலும் அநியாயம். சங்கத்தில் வேறு டைப்பிஸ்ட் கிடையாது. ஆகவே அவளையே கூப்பிட்டு உட்காரவைத்து, அவளுடைய வேலைநீக்கக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல அடிக்கவைத்தார். அவள் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் அடித்து அவர் மேசையில் வைத்தாள்.

"நீங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மெஷின ஒரு தபா பாத்துடறேன் சார்" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அது எந்த அறையில் நிற்கிறது என்று கேட்டுப் பார்த்தாள்.

"யாரு சார் இந்த லட்சுமி?"

அவள் ஒரே ஒரு வரி அடித்தாள். இங்கே இல்லையென்றால் பழைய அறையிலும் போய்த் தேடு என்று மெஷினுக்கு அர்த்தம். பிறகு புரோகிராமைக் கூப்பிட்டாள். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு முதல் சீட்டைத் தள்ளியது.

"லட்சுமி கண்ணத் தொறந்துட்டா" என்றார் மேலாளர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அந்த லெட்டரக் கிழிச்சிப் போட்டுட்டு வேலையப் பாரும்மா."

"நான் அழிக்கலன்னு இவங்க எதிர்ல சொல்லுங்க சார். கிழிச்சிடறேன்."

அவர் ஃபைல் ஒன்றைப் புரட்டத் தொடங்கினார். அறுபது பேருக்கும் சீட்டு அடித்து முடிக்கும்வரை அவள் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. கடிதத்தை எடுத்து வந்து என் மேசையில் வைத்தாள்.

"தபால் நோட்டுல ஏத்துங்க முத்துசாமிண்ணா. இப்பிடி ஒண்ணு நடந்துதுன்னு இருக்கட்டும்."

மேலாளர் என்னை முறைத்தார். நான் பேனாவைத் திறந்து எண் போட்டேன். விவரம் என்ற இடத்தில், 'செய்யாத தவறுக்கு வேலைநீக்கம்' என்று எழுதிக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.