அணி மாறினால் அனுபவம்

இன்று வென்ட்வேர்த்வில்லில் நம்மவர் கடையொன்றில் கொத்துரொட்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் ஆஜானுபாகுவாக ஒரு அமெரிக்கர். ஹெல்மெட் போட்டு விளையாடும் அவர்கள் நாட்டு ஃபுட்பால் ஆடியவராம். எந்த அணியும் ஒரு சீசனுக்கு மேல் வைத்திருக்கவில்லையாம். சூட்கேஸை முழுதாகக் காலி செய்ததே இல்லை என்றார்.

கடைக்கார அங்கிள் ஓடிவந்து அவரோடு செல்ஃபி எடுத்தார்.

"பாத்தீரே தம்பி, எத்தினை ரீமுக்கு விளையாடியிருக்கிறார்! எவ்வளவு அனுபவம்!"

"ஓம் அங்கிள்" என்றேன்.

படகில் அகதியாக வந்தவன் நான். இன்னும் தற்காலிக விசா. விசாவுக்கு ஏற்றபடி வேலையும் ஊரும் மாறும். போன மாதம் அங்கிளின் மகளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தேன்.

"ஒரு இடத்தில நிலைக்காதவனுக்கு எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது?" என்று திருப்பி அனுப்பியவர் இதே அங்கிள்தான்.

அடுத்த முறை ஹெல்மெட் போட்டுக்கொண்டு பெண் கேட்கப் போகட்டுமா? சொல்லுங்கள்.